அக்கா சொன்ன தேதி

பவானேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தது 2022 ஆகஸ்டில். கோவிட்தான். அந்த வாரத்தில் குருபோங்கில் சிப் தயாரிக்கும் கம்பெனியில் அவளுடைய லைனில் மட்டும் ஆறு பேருக்கு வந்தது. மற்ற ஐந்து பேரும் பத்தே நாளில் வேலைக்குத் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து, அரிசியைவிடச் சிறிய சிப்புகளில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஒன்பது வருடமாகச் செய்த வேலை. ஆனால் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்தவளால் மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை.

இரண்டு நாள் படுத்திருந்தாள். கொஞ்சம் தெளிந்தது. திரும்பப் போனாள். மறுபடியும் விழுந்தாள். அக்டோபர் வந்தபோது தலைக்கு மேலே கையைத் தூக்கிச் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்திலும் அக்கா தேவமலர்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டாள்.

தேவமலர் தமிழ்ப்பள்ளி ஒன்றில் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். தங்கையைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது பவானேஸ்வரிக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அவளைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கு அனுப்பியது, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தது எல்லாம் அக்காதான். திருமணமாகி குருபோங் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியபோதும் தங்கையைக் கூடவே அழைத்துக்கொண்டாள். அக்காவுக்குத் தெரியாமல் பவானேஸ்வரியிடம் எதுவும் இருந்ததில்லை.

ஆகவே டாக்டரிடம் போகும்போதெல்லாம் அக்காவும் போனாள். அது தேவையாகவும் இருந்தது. பத்து நிமிடம் பேசினால் பவானேஸ்வரிக்கு வார்த்தைகள் நழுவும். 'முட்டி' என்று சொல்ல நினைப்பாள், 'தோள்' என்று வரும். சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். அக்கா இங்கிலீஷிலும் மலாயிலும் கோவையாகப் பேசுவாள்.

முதலில் மூன்று கிளினிக் பார்த்தார்கள். மூன்றிலும் இரத்தம் எடுத்தார்கள். மூன்றிலும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒருவர் வைட்டமின் கொடுத்தார். ஒருவர் எம்.சி. என்னும் மருத்துவ விடுப்புச் சீட்டு எழுதித் தந்துவிட்டு, "கல்யாணம் எப்போ?" என்று சிரித்தார்.

அந்தக் கல்யாணம் அடுத்த ஜூனில் நடப்பதாக இருந்தது. மாப்பிள்ளை சாமிநாதன், அதே கம்பெனியில் டெக்னீஷியன். பரிசம் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. 2023 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அம்மா வந்தார். வரவேற்பறையில் பாய் போட்டுப் படுத்திருந்த பவானேஸ்வரியைப் பார்த்தார். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் போனார். அந்த வாரமே போன் வந்தது. சாமிநாதன் ஒருமுறை வந்து வாசல் கேட்டுக்கு வெளியில் நின்றபடியே அழுதுவிட்டுப் போனான்.

பவானேஸ்வரியும் அழுதாள். ஆனால் அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அரை மணி நேரம் அழுதால் இரண்டு நாள் படுக்கை. அதனால் நிறுத்திக்கொண்டாள். ஒரு நாள் அக்காவின் மடியில் தலை வைத்து, "இப்படியே தூங்கிப் போயிட்டா நல்லாருக்கும்க்கா" என்று சொன்னாள். அக்கா நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மே மாதம் நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இளவயது டாக்டர். பவானேஸ்வரி ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். ஆகஸ்டில் காய்ச்சல், அதிலிருந்து இப்படி. அவர் தலையாட்டிக் கேட்டார். முடிந்து எழுந்தபோது அக்கா, "நீ வெளிய போய் உக்காரு, நிக்காத. நான் சீட்டு வாங்கிட்டு வரேன்" என்றாள். பவானேஸ்வரி வெளியே போய்ச் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தாள். அக்கா வரப் பத்து நிமிடம் ஆனது. கவுண்டரில் கூட்டம் என்று நினைத்தாள். எனக்காக இவள் எத்தனை இடத்தில் நிற்கிறாள் என்றும் நினைத்தாள்.

அதன்பிறகு அந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளிடம் மிகவும் மென்மையாகப் பேசினார்கள். அது அவளுக்கு விசித்திரமாக இருந்தது. கால் வலி என்றால், "மனசுல என்ன இருக்கு?" என்றார்கள். படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்றால், "வேற ஏதாச்சும் சொல்லணுமா? பயப்படாம சொல்லுங்க" என்று குனிந்து கேட்டார்கள். இரண்டாவது டாக்டரும் அப்படி. மூன்றாவது வந்த பெண் டாக்டரும் அப்படி. தான் நம்பும்படியாகச் சொல்லவில்லையோ என்று அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு, அடுத்த முறை எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை மாற்றி மாற்றி யோசித்தாள்.

மாத்திரை கொடுத்தார்கள். உடற்பயிற்சி அட்டவணை ஒன்றும் கொடுத்தார்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து, பிறகு இருபது. உடம்பு கேட்காவிட்டாலும் நிறுத்தக் கூடாது என்றார்கள்.

அக்கா அதைச் சிரத்தையாக எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் காரில் கிளேபாங் கடற்கரைக்கு அழைத்துப் போவாள். "இன்னும் கொஞ்சம்தான். அந்தக் கடை வரைக்கும் நடந்துடு." பவானேஸ்வரி நடந்தாள். குணமாக வேண்டும் என்று யாரையும்விட அவளுக்குத்தானே ஆசை! நாலாவது வாரம் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வந்தவள், அன்று மாலை குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா புருஷன் புவனேந்திரன்தான் தூக்கி வந்து படுக்கையில் போட்டார்.

அந்தப் படுக்கை ஏழு வாரம். திரைச்சீலையை விலக்கினால் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அடுப்படியில் தட்டு வைக்கும் சத்தம் தலைக்குள் அடித்தது. வாயில் ஊட்டிவிட்டால் மென்று விழுங்கக்கூட இடையில் ஓய்வு வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் புவனேந்திரன், "சும்மா மாலாஸ் லா இது, சோம்பேறித்தனம். அவ நெனச்சா எந்திரிக்கலாம்" என்று சொன்னது கேட்டது. அக்கா பதில் சொல்லவில்லை. அக்கா தன் பக்கம் என்பதால் சண்டை வேண்டாமென்று பேசாமல் இருக்கிறாள் என்று பவானேஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

டிசம்பரில் கம்பெனி அவளை வேலையிலிருந்து விலக்கியது. ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதத்தில் உடல் நோய் எதுவும் இல்லை என்றும் வேலை செய்யத் தகுதி உண்டு என்றும் இருந்ததாம். அப்படியிருந்தும் வரவில்லையென்றால் வர விருப்பமில்லை என்றுதானே பொருள் என்று மனிதவள அதிகாரி போனில் மரியாதையாகவே சொன்னார்.

அடுத்த வருடம் ஜூனில்தான் ரம்லாவைப் பார்த்தாள்.

அன்று மாதாந்திர மருந்துக்காகப் போயிருந்தாள். அக்கா கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள். காத்திருக்கும் நாற்காலி வரிசையில் உட்கார முடியாமல், மூன்று நாற்காலியை எடுத்துக்கொண்டு பவானேஸ்வரி படுத்துவிட்டாள். எல்லோரும் பார்த்தார்கள். எதிரில் இருந்த முக்காடிட்ட அம்மா ஒருவர் தன் பையைத் தலைக்குக் கொடுத்தார்.

"ஏம்மா, ஒன்னு கேக்கவா? இன்னிக்கி இங்க வந்துட்டுப் போறே. ஒனக்குக் கஷ்டம் இன்னிக்கா, நாளைக்கா?"

பவானேஸ்வரி கண்ணைத் திறந்தாள். இரண்டு வருடத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை.

"நாளைக்கு. நாளன்னிக்கு இன்னும் மோசமா இருக்கும்."

"என் மவ ஃபாத்திஹாவுக்கும் அப்படித்தான்" என்றார் அந்த அம்மா. அவர்தான் ரம்லா. தஞ்சோங் கிளிங்கில் வீடு, நகரத்தில் துணிக்கடை. அன்று தன் கண்ணைக் காட்ட வந்திருந்தார். மகளுக்குக் கல்லூரியில் படிக்கும்போது காய்ச்சல் வந்து, நாலு வருடமாக இதே நிலை. "எத்தன டாக்டர் பாத்தோம் தெரியுமா? ஒருத்தவங்க மட்டும்தான் இத என்னன்னு தெரிஞ்சவங்க. கிளேபாங்ல கடைங்க வரிசையில ஒரு சின்ன கிளினிக். டாக்டர் மங்களம். வாரத்துல ரெண்டு நாள்தான் இருப்பாங்க. நான் கூட்டிட்டுப் போறேன், வர்றியா?"

அக்காவிடம் சொன்னபோது, "இன்னொரு டாக்டரா?" என்று மட்டும் கேட்டாள். டாக்டர் இருக்கும் புதன்கிழமை அவளுக்குப் பள்ளி வேலை. ஆகவே முதல் தடவையாக அக்கா இல்லாமல், ரம்லாவோடு பவானேஸ்வரி ஒரு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் மங்களம் அறுபதைத் தாண்டியவர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. "படுத்துக்கிட்டே பேசுங்க" என்றார். அறை விளக்கில் ஒன்றை அணைத்தார். பேச்சு தடுமாறியபோது, "அவசரமில்ல" என்று காத்திருந்தார்.

பிறகு படுத்த நிலையில் நாடித்துடிப்பைப் பார்த்தார். எழுபத்தாறு. சுவரில் சாய்ந்து பத்து நிமிடம் நிற்கச் சொல்லி, நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினார். ஏழாவது நிமிடத்தில் நூற்றுப் பதினெட்டு. பவானேஸ்வரியின் பாதங்கள் நாவற்பழம் போலக் கருநீலமாகியிருந்தன. டாக்டர் உடனே அவளைப் படுக்க வைத்தார்.

"போதும். இவ்ளோ நேரம் நிக்க வெச்சதுக்கு மன்னிச்சிக்கம்மா. இதனால நாளைக்கும் நாளன்னிக்கும் கஷ்டப்படுவீங்க. ஒன்னும் செய்யாம படுத்தே இருங்க."

ரம்லாதான் முதலில் கவனித்தார், பவானேஸ்வரியின் காதுவரை கண்ணீர் வழிந்திருந்தது.

"இதுக்குப் பேர் இருக்கு" என்றார் டாக்டர். "நாள்பட்ட சோர்வு நோய்னு சொல்வாங்க. பேரக் கேட்டா என்னமோ தூங்கி எழுந்தா சரியாப் போயிடும்போல இருக்கும். அப்படி இல்ல. ஒடம்பு செலவு பண்றத திரும்ப ஊற வைக்க முடியாத நோய். குணமாக்குற மருந்து இன்னும் இல்ல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நிக்கும்போது வர்ற படபடப்புக்கு வழி இருக்கு. தூக்கத்துக்கு வழி இருக்கு. முக்கியமா, களைப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்தணும். வந்தப்புறம் இல்ல. யாராவது நடக்கச் சொன்னாங்களா?"

பவானேஸ்வரி கடற்கரையைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"நானும் ஒரு காலத்துல ஒரு பொண்ண அப்படி நடக்க வெச்சிருக்கேன். அது அப்புறம் எந்திரிக்கவே இல்ல. அதுக்கப்புறம்தான் நான் படிக்க ஆரம்பிச்சேன்."

பிறகு பேனாவைத் திரும்பத் திறந்தார். "பழைய ரிப்போர்ட் எல்லாம் வேணும். வேற நோய் எதுவும் இல்லன்னு நான் நிச்சயப்படுத்திக்கணும். ஆஸ்பத்திரியில எழுதிக் கேட்டா தருவாங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறியது. "பழைய ரிப்போர்ட் எதுக்கு? புதுசா டெஸ்ட் எடுக்கட்டுமே." இரண்டு நாள் கழித்து, "சரி, நானே வாங்கிட்டு வரேன். நீ அலையாத" என்றாள். அடுத்த வாரம் கேட்டபோது பள்ளியில் பரீட்சை என்றாள். அதற்கடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் விண்ணப்பப் பாரம் தீர்ந்துவிட்டதாம். ஒரு மாதம் போனதும் பவானேஸ்வரி ரம்லாவுக்குப் போன் செய்தாள்.

ரம்லாவின் காரில் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். வாங்கி வந்து, ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்திலேயே உறையைப் பிரித்தாள். வெயில் உச்சியில் இருந்தது. ரம்லா குளிரூட்டியைப் போட்டுவிட்டுக் கண் சொட்டு மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

இங்கிலீஷில் மூன்று பக்கம். பவானேஸ்வரிக்கு நிதானமாகப் படித்தால் புரியும். முதல் பக்கத்தின் நடுவில் தேதி இருந்தது. 2023 மே. அதற்குக் கீழே:

'நோயாளி காய்ச்சலுக்குப் பிறகு இந்நிலை என்கிறார். ஆனால் காய்ச்சல் முழுமையாகக் குணமாகி, மார்ச் வரை வழக்கம்போல் வேலைக்குச் சென்றுவந்ததாகச் சகோதரி தனியாகக் கூறினார். மார்ச்சில் திருமண ஏற்பாடு முறிந்தது. அதன் பிறகே படுக்கையில் இருக்கிறார். சாக விரும்புவதாகவும் சொல்லியிருக்கிறார். நோயாளி இதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் அவரிடம் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம் எனச் சகோதரி கேட்டுக்கொண்டார்.'

அடுத்த பக்கத்தில் இரண்டாவது டாக்டரின் குறிப்பு அதையே திரும்பச் சொன்னது. மூன்றாவது டாக்டரும் அப்படியே. கடற்கரைக்குப் பிறகு படுத்த ஏழு வாரத்தைப் பற்றி ஒரே வரி. 'பயிற்சிக்கு ஒத்துழைக்கவில்லை, பயிற்சியால் மோசமானது என்று நோயாளி நம்புகிறார், சகோதரி அப்படிக் கருதவில்லை.'

அவள் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். மார்ச் வரை வழக்கம்போல். அக்டோபரில் தலை வாரிவிட்டது யார்? தீபாவளிக்குப் புதுத்துணியை உடுத்திவிட்டது யார்? டிசம்பரில் ஒரு மாதம் முழுவதும் வாங்கிய எம்.சி. சீட்டுகளைக் கொண்டுபோய்க் கம்பெனிக் காவலாளியிடம் கொடுத்தது யார்?

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் ரம்லா.

பவானேஸ்வரி தாள்களை நீட்டினாள். ரம்லா கண்ணருகே பிடித்து நிதானமாகப் படித்தார். படித்து முடித்து, மடித்து, உறைக்குள் வைத்தார். "என் வீட்டுக்கு வந்து கொஞ்சம் படுத்துட்டுப் போ" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதற்காகப் பவானேஸ்வரி அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் எழுந்திருக்க முடியவில்லை. அக்கா கஞ்சி கொண்டுவந்தாள், பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். அந்தக் கையால் சாப்பிடாமல் இருக்கவும் முடியாது. மூன்றாம் நாள் சனிக்கிழமை காலை, சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உறையை மேசைமேல் வைத்தாள்.

அக்கா அதைத் திறக்கவில்லை. என்ன என்று கேட்கவும் இல்லை.

"சீட்டு வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு உள்ள இதத்தான் பேசினியாக்கா?"

"நீ செத்துப் போயிட்டா நல்லாருக்கும்னு சொன்னே. நான் பயந்துட்டேன், பவானி."

"பயந்தா அதச் சொல்லியிருக்கலாம். அது நான் சொன்னதுதான். தேதிய ஏன் மாத்தினே?"

அக்கா கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூனு கிளினிக்ல காய்ச்சல்னுதானே சொன்னோம்? ஒன்னும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. காரணம் இருந்தாத்தானே லா பாப்பாங்க? மனசுன்னா அதுக்கு மருந்து இருக்கு, டாக்டர் இருக்கு. ஒன்ன யாராச்சும் பாக்கணும்னுதான் சொன்னேன்."

"பாத்தாங்க. நடக்க வெச்சாங்க. நீயும்தான் நடக்க வெச்சே."

"அது எனக்குத் தெரியுமா?"

"நான் சொன்னேனே. ஒவ்வொரு நாளும் ஒன்கிட்டதானே சொன்னேன். முடியலக்கா, முடியலக்கான்னு."

தேவமலர் முறத்தைத் தள்ளி வைத்தாள். அவள் குரல் தாழ்ந்தது. "மனசு நோயா இருக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. மனசுன்னா ஒரு நாள் சரியாயிடும்ல? இது என்னன்னே தெரியல. எத்தன வருசம்னு தெரியல. வீட்ல அவரு ஒரு பக்கம் பேசறாரு. எனக்கும் முடியல பவானி. நீ நல்லாயிடுவேன்னு யாராச்சும் சொல்லணும்போல இருந்துச்சு. அந்த டாக்டர் சொன்னாரு. ஆறு மாசத்துல சரியாயிடும்னு சொன்னாரு."

அவள் அழுதாள். பவானேஸ்வரிக்கு எழுந்துபோய்த் தோளைத் தொட வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அவளுக்கு மேலும் வலித்தது. எழவில்லை. "அவங்க என்கிட்ட கேட்டிருப்பாங்க" என்றாள். "கேக்க வேணாம்னு நீ சொல்லிட்டே. கேட்டிருந்தா நானே தேதிய சொல்லியிருப்பேன்." அதற்குமேல் உடம்பு இடம் கொடுக்கவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். வழக்கம்போல அக்காதான் கைத்தாங்கலாகப் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

டாக்டர் மங்களம் மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்தார். பழைய எம்.சி. சீட்டுகளின் நகல் கம்பெனிக் கிளினிக்கில் இருக்கும் என்றார். ரம்லா போய்க் கேட்டு வாங்கிவந்தார். 2022 செப்டம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை பதினோரு சீட்டு. எல்லாம் மார்ச்சுக்கு முந்தியவை. டாக்டர் அவற்றை இணைத்து, நோயின் பெயரை எழுதி, ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் கடிதம் அனுப்பினார். கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பதில் வந்தது: ஏற்கெனவே உள்ள குறிப்பை நீக்க இயலாது, புதிய கடிதம் கோப்பின் கடைசியில் சேர்க்கப்படும்.

"அப்ப யார் தொறந்தாலும் மொதல்ல அக்கா சொன்னதத்தான் படிப்பாங்க, இல்லையா டாக்டர்?"

"ஆமாம்மா" என்றார் டாக்டர் மங்களம்.

ஆண்டு முடிவதற்குள் பவானேஸ்வரி தஞ்சோங் கிளிங்குக்கு மாறினாள். ரம்லாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு பின்னறை இருந்தது. துணிக்கடைக்கு வரும் வாட்ஸ்அப் விசாரிப்புகளுக்குப் படுத்துக்கொண்டே பதில் எழுதுவது அவள் வேலை. காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம். அலாரம் அடித்தால் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் போனைக் கவிழ்த்துவிட வேண்டும். அது டாக்டரின் கட்டளை. அடுத்த அறையில் ஃபாத்திஹா இருந்தாள். இருவரும் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் குறுஞ்செய்தியில்தான் பேசிக்கொண்டார்கள். இறுக்கமான காலுறையும் உப்புத் தண்ணீரும் மாத்திரையும் சேர்ந்து, இப்போது பவானேஸ்வரியால் ஆறு நிமிடம் நிற்க முடிகிறது. தலையைத் தானே வாரிக்கொள்கிறாள், உட்கார்ந்துகொண்டு, இரண்டு தவணையாக.

டாக்டரிடம் போகும்போது அறைக்குள் அவள் மட்டும் போகிறாள். ரம்லாவைக்கூட வெளியில் இருக்கச் சொல்லிவிடுகிறாள். ரம்லா அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவமலர் வருகிறாள். கோழிக் குழம்பு, துவைத்து மடித்த போர்வை என்று எதையாவது கொண்டுவருகிறாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதை சொல்கிறாள். புதுத் தலைமையாசிரியர், உடைந்த தண்ணீர்க் குழாய், எஸ்டேட் தோட்டத்திலிருந்து வரும் பள்ளி பஸ் நின்றுபோனது. பவானேஸ்வரி கேட்டுக்கொண்டிருக்கிறாள். குழம்பைச் சாப்பிடுகிறாள். உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்கிறாள்.

கிளம்பும்முன் தேவமலர் எப்போதும் அதைக் கேட்கிறாள்.

"ஒடம்பு எப்படி இருக்கு, பவானி?"

முந்தின நாள் முழுவதும் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்திருப்பாள். கை நடுங்கி டம்ளரைப் போட்டு உடைத்திருப்பாள். போன வாரம் ஒரு நாள், நாலு வயதுப் பிள்ளைபோலத் தன் பெயரை எழுதத் தெரியாமல் விழித்திருப்பாள். எல்லாவற்றையும் அக்காவிடம் சொல்லிப் பழகிய நாக்கு உள்ளே அசையும்.

"நல்லா இருக்கேன்க்கா" என்கிறாள் பவானேஸ்வரி.

தேவமலர் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போகிறாள்.